மருதமுனையில் மறுபடி முழங்காலில்

கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் கால்கள் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தன. விடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும், அதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. "அக்கரைப்பத்து, அக்கரைப்பத்து! ஏறுங்க, இரிக்க இடமிரிக்கி!" என்று ஒரு கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. எங்கள் திருநெல்வேலி ஜங்ஷன் கண்டக்டர்கள் சொல்லும் அதே பொய். கடல் தாண்டி வந்தும் பொய் மாறவில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

நான் வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பெயர் கிரேஸ். பதினெட்டு வருடமாகப் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் உயிர்மீட்சிக் கூட்டங்களிலும் தேவசெய்தி கொடுத்து வருகிறேன். கிரேஸ் டீச்சர் பேசினால் முன்வரிசை அழும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கல்முனையில் ஒரு சிறிய சபையில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். என் கைப்பையில் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. அதில் மூன்று செய்திகள். முதல் செய்தி, அனலும் இல்லாமல் குளிரும் இல்லாமல் வெதுவெதுப்பாகக் கிடக்கும் விசுவாசிகளைப் பற்றியது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும் என்பது வரை எனக்கு மனப்பாடம்.

என்னை அழைத்துப்போக வந்தவர் ஜெயராணி டீச்சர். அந்தச் சபையின் செயலாளர், உள்ளூர்ப் பாடசாலை ஒன்றில் கணக்கு ஆசிரியை. ஒல்லியான, வேகமான பெண். கையைப் பிடித்ததுமே மன்னிப்புக் கேட்டார்.

"அக்கா, எங்கட வீட்டில உங்களை வைக்க ஏலாது. மகனுக்குக் கொப்புளிப்பான் போட்டிருக்கு. உடம்பெல்லாம் கொப்புளம். என்ட கூட்டாளி ஒருத்தி மருதமுனையில இருக்கிறா. பள்ளிக்குப் பக்கத்தில வீடு. அவ உங்களை வச்சிருக்கிறன் எண்டு சொல்லிட்டா."

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோ போய் நின்ற இடத்தில் பச்சை விளிம்பிட்ட பெரிய பள்ளிவாசல் இருந்தது. இந்தக் கரையில் பள்ளி என்றால் பள்ளிவாசல். நான் ஐந்து நாள் தங்கப்போகும் வீடு ஒரு முஸ்லிம் வீடு என்பது அப்போதுதான் உறைத்தது. மனதுக்குள் கொஞ்சம் முகம் சுளித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வீட்டுக்காரி பெயர் ரிஸ்மியா. நாற்பது வயதிருக்கும். தலையை மூடிய முந்தானையின் ஓரத்தில் நீல நூல் இழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் பின்புறம் தகரக் கூரைக்குக் கீழே ஆறு தறிகள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேரும் ரிஸ்மியாவும் நெய்கிறார்கள். சேலை, சாரம் என்கிற கைலி, மேசை விரிப்பு. கொழும்பிலிருந்து வந்து காத்திருந்து வாங்கிப் போகிறார்களாம். தறிச் சத்தம் முற்றத்தைத் தாண்டித் தெரு வரை கேட்டது.

"வாங்க அக்கா. களைச்சுப் போய் இரிக்கிறீங்க. முதல்ல தேத்தண்ணி, மறுகா குளிப்பு, மறுகா சாப்பாடு" என்று என் நாளை மூன்றே சொல்லில் ஒழுங்குபடுத்தினாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. குழல்பிட்டு, அதன்மேல் தேங்காய்ப்பால் வடியும் மீன் ஆணம், பக்கத்தில் மாசிக் கருவாட்டை இடித்துச் செய்த சம்பல். நாங்கள் குழம்பு என்பதை இவர்கள் ஆணம் என்கிறார்கள். புளியைக் கரைத்து ஊற்றும் எங்கள் ஊர் மீன்குழம்பு நாக்கைச் சுண்டும். இது நாக்கைத் தடவிக்கொடுத்தது. கடைசியில் ஒரு மண்சட்டி நிறைய எருமைத் தயிர், கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டியாக. மூன்று கரண்டி எடுத்தேன். நான்காவதை ரிஸ்மியாவே போட்டாள்.

பிறகு ஓர் அறையைத் திறந்து காட்டினாள். நூல் கட்டுகள் அடுக்கும் அறையாம். எனக்காகக் காலி செய்து, கழுவி, புதுப் பாய் விரித்து, சன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். சுவரோரம் ஒரு சின்ன மேசை.

"இது நீங்க கிடக்கிறதுக்கு மட்டுமில்ல, ஓதுறதுக்கும்தான். ஜெயராணி டீச்சர் சொன்னா, நீங்க பெரிய துஆக்காரி எண்டு. வேதப் புத்தகத்தைக் கீழ வெக்கப்படாதெண்டு மேசை போட்டிரிக்கன். நீங்க கதவைச் சாத்தினா ஒருத்தரும் தட்ட மாட்டாங்க. தறியையும் நிப்பாட்டிருவம்."

துஆ என்றால் அவர்கள் வழக்கில் ஜெபம். தறியை நிறுத்த வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். மாலையில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்ததும் ரிஸ்மியா கைகால் கழுவிக்கொண்டே, "நாங்க தொழப் போறம் அக்கா. நீங்களும் உங்கட அறைக்குப் போங்க" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அப்படி ஒரு அமைதி.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். எனக்காக ஆறு தறி நின்றிருக்கிறது. கடைசியாக நான் தனியாக முழங்கால் போட்டது எப்போது என்று யோசித்தேன். மேடையில் ஜெபித்திருக்கிறேன். வீடுகளுக்குப் போய் ஜெபித்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால், பிரயாணத்துக்கு முன்னால், நாலு பேர் கேட்க ஜெபித்திருக்கிறேன். யாரும் இல்லாத அறையில்? ஞாபகம் வரவில்லை. வருடக்கணக்கு ஆகியிருக்கும். பாயில் உட்கார்ந்து ரவிக்கையில் அறுந்து தொங்கிய கொக்கியைத் தைத்தேன். பத்து நிமிடத்தில் வெளியே வந்தால் நன்றாக இருக்காது என்று இன்னும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது ரிஸ்மியா தேநீரை மூடிவைத்துக் காத்திருந்தாள். "முடிஞ்சிட்டா அக்கா? கனநேரம் துஆக் கேட்டிரிக்கிறீங்க" என்றாள் மரியாதையாக.

"முடிஞ்சுதும்மா" என்றேன். பஸ் நிலையக் கண்டக்டரின் பொய் இதைவிடச் சின்னது.

மறுநாள் வியாழக்கிழமை. சாகாமத்தில் குளத்துக்குப் பக்கத்தில் வயல் செய்யும் ஒரு சபைக் குடும்பம் எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தது. ஜெயராணி டீச்சர் மாவடிப்பள்ளிக்காரர் ஒருவரின் ஆட்டோவைப் பிடித்து வந்தார். அந்த மனிதர் வழியெல்லாம் பாட்டுப் போட்டார். கடலை விட்டு உள்ளே திரும்பியதும் இரண்டு பக்கமும் வயல். எங்கள் தாமிரபரணிக் கரையில் வயலுக்கு நடுவே வாழைத் தோப்பும் வீட்டுமனைப் பலகைகளும் மாறி மாறி வரும். இங்கே கண்ணுக்கு எட்டுகிற வரை நெல், நெல், நெல்தான். வெள்ளைக் கொக்குகள் அதில் பொட்டு வைத்தாற்போல நின்றன.

சாகாமத்துக்கு ஒரு கல் தூரம் இருக்கும்போது ஆட்டோவின் கிளச் கேபிள் அறுந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் யோசிக்காதீங்க, கூட்டாளிக்கு போன் அடிச்சிட்டன், கேபிள் கொண்டு வாறான். ஆனா பின்னேரத்துக்கு முதல்ல போயிரணும், யானை இறங்கும்" என்றார். யோசிக்காதே என்று சொல்லிவிட்டு யானையைச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

வாய்க்கால் ஓரத்து மருதமர நிழலில் நானும் ஜெயராணி டீச்சரும் உட்கார்ந்தோம். பேச்சு ரிஸ்மியாவின் பக்கம் திரும்பியது. அந்த வீட்டு உபசாரத்தைப் புகழ்ந்துவிட்டு, "வீட்டுக்காரரைத்தான் பார்க்கவே முடியல" என்றேன்.

ஜெயராணி டீச்சர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அவ உங்களுக்கு ஒண்டும் சொல்லல்லையா? நசார் நானா ஆழ்கடல் போட்டில போறவர். ஒலுவில் துறைமுகத்தில இருந்துதான் போன. திங்கட்கிழமை வந்திருக்கோணும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வயர்லெஸ் செற்றில ஒரு கதையும் இல்லை. அஞ்சு பேர் அக்கா. நேவிக்கும் அறிவிச்சிருக்கு."

நான் எழுந்துவிட்டேன். "அப்ப ஏன் டீச்சர் என்னை அங்க கொண்டுபோய் விட்டீங்க? அந்தப் பிள்ள மனசு எப்படி இருக்கும்?"

"நான் வேண்டாமெண்டுதான் சொன்ன. கெஸ்ட் ஹவுஸ் பாக்கிறன் எண்டன். அவ விடல்ல. 'இந்த நேரத்தில ஒரு துஆக்காரி என்ட ஊட்டுக்கு வாறது சும்மாவா, அவவை இஞ்ச கொண்டு வாங்க' எண்டு சொன்னா."

கேபிள் வந்ததும், சாகாமத்தில் அந்த நல்ல குடும்பம் வயல் நண்டு சமைத்துப் போட்டதும், அவர்கள் வீட்டில் நான் வழக்கமான ஜெபத்தை வழக்கமான குரலில் செய்ததும் எல்லாம் நடந்தன. எதிலும் நான் இல்லை. திரும்பும் வழியெல்லாம் அந்த வெள்ளைத் துணி கட்டிய சன்னலும் நான் தைத்த கொக்கியும்தான் கண்ணில் நின்றன.

பிற்பகல் மூன்று மணிபோல வீடு வந்தோம். ரிஸ்மியா தறியில் இருந்தாள். மற்றப் பெண்கள் போயிருந்தார்கள். நான் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் தறி நாடாவைப் பிடித்த கையை நிறுத்தினாள். "விருந்துக்கு வந்த ஆளுக்கிட்ட எப்பிடிச் சொல்லுற? நீங்க மூணு நாளைக்குக் கதைக்கோணும். உங்கட மனசைக் குழப்பப்படாது." அறுந்த ஓர் இழையை முடிந்துவிட்டு, "ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே அக்கா? நேத்து உள்ளுக்க இருந்து அவ்வளவு நேரம் கேட்டீங்களே. இன்னும் ஒருக்கா கேக்கக்குள்ள எங்கட ஆளையும் சேத்துக் கேளுங்க. அஞ்சு பேரையும்" என்றாள்.

"இப்பவே ஜெபிப்போம்" என்றேன். அதுதான் எனக்குத் தெரிந்த பதில். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தித் தலை குனிந்தாள். நான் கண்ணை மூடி ஆரம்பித்தேன். அன்பும் இரக்கமும் உள்ள எங்கள் பரம பிதாவே என்று தொடங்கி, கடலையும் காற்றையும் அடக்கினவரே என்று ஏறி, அழகாகத்தான் போனது. நடுவில் என் குரல் எனக்கே கேட்டது. மேடைக் குரல். இந்த இடத்தில் தாழ்த்த வேண்டும் என்று தாழ்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். ரிஸ்மியா கைகளை ஏந்தியபடியே ஒவ்வொரு வரிக்கும் உதட்டுக்குள் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஒவ்வொரு சொல்லையும் நம்பினாள். நான் ஒன்றையும் நம்பவில்லை.

பாதி வாக்கியத்தில் ஜெபத்தை நிறுத்திவிட்டேன்.

"என்ன அக்கா?" என்றாள் கண்ணைத் திறந்து.

"ரிஸ்மியா, நேத்து நான் ஜெபிக்கலம்மா. சும்மா உக்காந்திருந்தேன். ரவிக்கைக்குக் கொக்கி தச்சேன். இப்ப மட்டுமில்ல, ரொம்ப வருஷமாவே இப்படித்தான். வாய் பேசும். உள்ள ஒண்ணுமில்ல."

பதினெட்டு வருடத்தில் போதகரிடமோ என் கணவரிடமோ சொல்லாததை இவளிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் நீர் வந்தது உண்மை. என்மேல் கோபமா, கணவரை நினைத்தா, தெரியவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் அப்பிடி நாள் இரிக்கி அக்கா. வாய் ஓதும், மனசு இஞ்ச தறியில நூல் எண்ணிக்கிட்டு இரிக்கும். அதுக்காக விட்டுட்டு இரிக்க ஏலுமா? நேத்துக் கேக்கல்ல எண்டா இண்டைக்குக் கேளுங்க. அழகாக் கேக்க வேணாம். கேட்டாப் போதும்."

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது. அவள் தொழப் போனாள். நான் அறைக்குப் போனேன். முழங்கால் போட்டேன். ஐம்பத்தொன்பது வயது முழங்கால், பாயையும் மீறித் தரை குத்தியது. சொல் வரவில்லை. ரொம்ப நாளாகப் போகாத ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுவதா வேண்டாமா என்று தயங்குவோமே, அப்படி இருந்தது. கடைசியில், "ஆண்டவரே, அந்த நசாரைக் கொண்டுவாரும். அந்த அஞ்சு பேரையும் கொண்டுவாரும்" என்றேன். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். பிறகு, "என்னையும் கொண்டுவாரும்" என்று வந்தது. அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அழுதேன். ஒளி தெரியவில்லை, குரல் கேட்கவில்லை. ஆனால் அந்த அறையில் நான் தனியாக இல்லை என்று மட்டும் பட்டது. அது எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமையும் செய்தி வரவில்லை. தெருவில் ஆண்கள் வெள்ளைத் தொப்பியோடு ஜும்மாவுக்குப் போனார்கள். போகிறவர்கள் எல்லாரும் இந்த வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று, "கதை வந்திச்சா?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது, எதிர் வீட்டிலிருந்து இறைச்சி ஆணம் வந்தது. அடுப்பு மூட்டவே விடவில்லை. என் தெருவில் மூன்றாம் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்ததை அவர் டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகுதான் நான் அறிந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

ரிஸ்மியா பாங்கு கேட்டுத் தொழுத ஒவ்வொரு வேளையும் நானும் அறைக்குப் போனேன். ஒரு வேளை மனம் ஒட்டியது, இரண்டு வேளை ஒட்டவில்லை. ஒட்டாத வேளையிலும் முழங்காலில் இருந்தேன்.

மாலையில் முதல் கூட்டம். ஐம்பது பேர் கொள்ளும் சிறிய ஆலயம், கடல் காற்றில் சன்னல் கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன. போதகர் இளைஞர், ஆர்வமானவர். என்னை ஜெப வீராங்கனை என்று அறிமுகப்படுத்தினார். நோட்டைத் திறந்தேன். வெதுவெதுப்பான விசுவாசிகள். முதல் வரியைப் படித்தேன். பிறகு நோட்டை மூடிவிட்டு, மருதமுனையில் நடந்ததைச் சொன்னேன். கொக்கி தைத்ததையும் விடவில்லை. "இந்தச் செய்தியை நான் எத்தனையோ ஊர்ல சொல்லியிருக்கேன். கேட்க வேண்டிய ஆள் நான்தான். எனக்காக ஜெபம் பண்ணுங்க. கடல்ல நிக்கிற அஞ்சு பேருக்காகவும் ஜெபம் பண்ணுங்க. எனக்கு வேற செய்தி இல்லை" என்றேன்.

முன்வரிசை அழவில்லை. பின்னால் இருந்த ஒரு பெரியவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதற்காகவா இந்தியாவிலிருந்து ஆளைக் கூப்பிட்டோம் என்று அவர் நினைத்திருக்கலாம். போதகரின் முகம் வெளுத்திருந்தது. நான் மேடையில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

முதலில் அசைந்தது ஜெயராணி டீச்சர்தான். பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருந்த குறுகிய இடத்தில் மண்டியிட்டார். "ஆண்டவரே, ரெண்டு வருசமா நான் பட்டியல் வாசிக்கிற மாதிரித்தான் உம்மட்டக் கேக்கிறன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு அழுதார். அடுத்து ஒரு மீன் வியாபாரிப் பெண். அடுத்து போதகரே மேடையிலிருந்து இறங்கி வந்தார். அன்று பாட்டு இல்லை, காணிக்கை எடுக்கவும் மறந்துபோனார்கள். அந்தச் சின்ன ஆலயம் தங்களில் ஒருவனல்லாத நசாரின் பெயரை ஐம்பது வாயால் சொல்லிக் கேட்டது. எத்தனையோ பெரிய பந்தல்களில் பேசியிருக்கிறேன். அப்படி ஒரு கூட்டத்தில் நான் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரிஸ்மியாவின் போன் அடித்தது. எடுத்தவள் யார் பேசுகிறார் என்று தெரிந்ததும், "நீங்க கேளுங்க அக்கா" என்று என்னிடம் நீட்டினாள். நான் போனை வாங்கினேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல், "சொல்லுங்க அவக்கிட்ட, ஆக்கள் அஞ்சு பேரும் இரிக்காங்க! எஞ்சின் செத்துப்போச்சாம், பேட்டரியும் இறங்கிட்டாம். வாழைச்சேனை போட் ஒண்டு கண்டு கட்டி இழுத்துக்கிட்டு வருது!" என்று கத்தியது.

ஒலுவில் துறைமுகத்துக்கு ரிஸ்மியா, ஜெயராணி டீச்சர், நான் மூன்று பேரும் போனோம். மருதமுனையும் சாய்ந்தமருதும் பாதி அங்கேதான் நின்றன. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு போட் இன்னொரு போட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு அலைத்தடுப்புக் கல்லைத் தாண்டி உள்ளே வந்தது. ரிஸ்மியா ஓடவில்லை. நின்ற இடத்தில் இரண்டு கையையும் ஏந்தினாள், பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இறங்கி வந்த ஐந்து பேரும் உப்பும் வெயிலும் தின்ற முகத்தோடு இருந்தார்கள். நசார் உயரமான மனிதர், உதடு பிளந்திருந்தது. மனைவியைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "பயந்திட்டீங்களா?" என்பதுதான். "ஓம்" என்றாள் அவள்.

ஜெயராணி டீச்சர் என் காதில், "ஜெபத்துக்குப் பதில் பாத்தீங்களா அக்கா" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பக்கத்தில் கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்க ஆளும் இதுல இருந்தாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. என்ட அவர் போய் நாலு வருசம். வரல்ல. போட் காணாமப்போய் வருதெண்டு கேள்விப்பட்டா நான் வந்திருவன். வாற ஆக்களைப் பாத்துச் சந்தோசப்பட ஒருத்தி வேணும்தானே."

அவளும் கேட்டிருப்பாள், என்னைவிட எத்தனையோ மடங்கு. நான் என் ஜெபத்தைப் பற்றி எந்தப் பெருமையும் பேசாமல் வாயை மூடிக்கொண்டேன். பெயரைக் கேட்டேன். சித்தி நஸீமா என்றாள், சித்தி என்பதும் பெயரில் சேர்த்தி. அன்று மாலைக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது நசார் தூங்கி எழுந்து தெம்பாக இருந்தார். வீட்டில் வட்டிலப்பம் செய்திருந்தார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்து அவித்தது, வாயில் வைத்ததும் காணாமல் போகும். ஆளாளுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நசார் என்னிடம், "நீங்களா எங்களுக்காக அறைக்குள்ள இருந்து கேட்ட ஆள்?" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ரிஸ்மியா எவ்வளவு சொன்னாளோ தெரியாது.

"நான் ஒரு கதை சொல்றன் அக்கா" என்றார் அவர். "முதல் ரெண்டு நாள் நாங்க எல்லாரும் ஓதின. தண்ணி முடிஞ்ச பிறகு நாக்குத் தடிச்சுப் போச்சு. வாயில ஒண்டும் வரல்ல, மனசிலயும் வரல்ல. அல்லாஹ்ட பேரைக்கூட நினைக்க ஏலாமக் கிடந்தன். அப்ப ஒண்டே ஒண்டுதான் நினைச்ச. கரையில ஆராவது கேட்டுக்கிட்டு இரிப்பாங்க, நான் கேக்காட்டியும் அவங்க கேப்பாங்க எண்டு. அந்த நம்பிக்கையில கிடந்தன்."

நான் வட்டிலப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். என்னையும் அப்படி நம்பி எத்தனை பேர் கிடந்திருப்பார்கள்! டீச்சர், ஜெபம் பண்ணுங்க என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்திக்கெல்லாம் 'கட்டாயம் ஜெபிக்கிறேன்' என்று எழுதிக் கூப்பிய கை ஒன்றையும் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தவள் நான். அறைக்குப் போய் போனை எடுத்துப் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஆபரேஷன், வேலை, பிள்ளை வரம், குடிக்கிற கணவர். சிலவற்றின் கீழே, காரியம் எப்படி முடிந்தது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஒன்றின் கீழே அடக்க ஆராதனை நேரம் இருந்தது. அதற்கும் நான் ஒரு கூப்பிய கை போட்டிருந்தேன்.

மிகச் சமீபத்தியது எஸ்தர் என்கிற ஒரு தாயுடையது. எங்கள் ஐக்கியத்தில் பின்வரிசையில் உட்காருகிற பெண். மகளுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று மூன்று வாரத்துக்கு முன் எழுதியிருந்தாள். உடனே அவளை அழைத்தேன்.

"டீச்சரா? சிலோன்லருந்தா பேசுறீங்க?" என்றாள்.

"எஸ்தர், உன் பிள்ளைக்காக ஜெபிக்கிறேன்னு சொன்னேன். ஜெபிக்கல. மன்னிச்சிரு. பிள்ளை எப்படி இருக்கா?"

மறுமுனையில் மின்விசிறிச் சத்தமும் யாரோ இருமுகிற சத்தமும் கேட்டன. ஆஸ்பத்திரி வார்டு என்று தெரிந்தது.

"அப்படியேதான் இருக்கா டீச்சர். பக்கத்துலதான் படுத்திருக்கா" என்றாள். பிறகு குரல் உடைந்து, "எனக்கு நாலு நாளா ஜெபமே வரல டீச்சர்" என்றாள்.

"பரவால்ல. போனை அவ காதுகிட்ட வை. அவ பேரு என்ன?"

"பியூலா."

முழங்கால் போட்டேன். நசார் முற்றத்தில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார், தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. என் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

"ஆண்டவரே" என்றேன், "இவ பேரு பியூலா."